மூலையில் வைத்த சந்தனம்

என் மகனுக்கு, திருவண்ணாமலையிலிருந்து அம்மா எழுதுவது.

நலம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் ஃபோனில் அரைமணி நேரம் பேசினோம். உன் இருமல், நம் வீட்டு மோட்டார் ரிப்பேர், அப்பாவின் முட்டிவலி எல்லாம் விசாரித்தாயிற்று. அப்படியும் மறுநாளே பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன் என்றால், வாயால் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று நீயே தெரிந்துகொள்வாய். பேசி முடிக்கிற நேரத்தில், போகிற போக்கில், "பெங்களூர்ல ஒரு கம்பெனி கூப்பிடுதும்மா" என்றாய். என்ன வேலை என்று கேட்டேன். "ஒரே விஷயத்தைப் பெரிய கம்ப்யூட்டர்லயும் காட்டணும், கையில வெச்சிருக்கற சின்ன ஃபோன்லயும் காட்டணும். படிச்சவனுக்கும் புரியணும், படிக்காதவனுக்கும் புரியணும். வெயில்ல நின்னு பார்த்தாலும் தெரியணும். ஆளுக்குத் தகுந்த மாதிரி, எடத்துக்குத் தகுந்த மாதிரி மாறிக்கற திரையெல்லாம் செஞ்சு குடுக்கணும். என்னையே பொறுப்பா இருந்து பாத்துக்கச் சொல்றாங்க" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள், "மாட்டேன்னு சொல்லிடப் போறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. சொந்த ஊர்லயே நான் செஞ்சது பல்லிளிச்சுது. உன் கண்ணு முன்னாடியே இளிச்சுது. எனக்கு அது வராதும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

தம்பி, அது தானாகப் பல்லிளிக்கவில்லை. நான் இளிக்க வைத்தேன். இந்த ஒரு வரியை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நம்பியிருக்க மாட்டாய். பிள்ளையை நல்ல வேலைக்கு அனுப்ப அம்மா ஒரு பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்திருப்பாய். என்னைப் பற்றி உனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம். அதனால் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை நீ தேட வேண்டாம். பொறாமை. பெற்றவளுக்குப் பிள்ளை மேல் பொறாமை வருமா என்று கேட்காதே. எனக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

எண்பத்தொன்பதில் செங்கம் ரோட்டு விடுதியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அறக்கட்டளைக்காரர்கள் நடத்துகிற, மலை சுற்ற வருகிறவர்கள் தங்குகிற விடுதி என்பதால் சாதாரண நாளில் வராந்தாவில் நாய்தான் படுத்திருக்கும். பௌர்ணமி வந்தால் நிற்க இடம் இருக்காது. பிளஸ் டூ முடித்தவள், கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்பதற்காக என்னை ரூம் கொடுக்கிற ஜன்னலில் உட்கார வைத்தார்கள். வந்த புதிதில் நான் ஒரு தப்புச் செய்தேன். செய்யாறு பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் ரூமுக்கு எழுதிக் கொடுக்கிற பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார். நான் பளிச்சென்று, "படிக்கத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். கூட அவர் மாமனார், மருமகன் எல்லாரும் நின்றிருந்தார்கள். அவர் பாரத்தை மெதுவாக ஜன்னலில் வைத்துவிட்டு, "ரூமு வேணாம், காத்தாட வெளியவே படுத்துக்கறோம்" என்று அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எதிரே புளியமரத்தடியில் அவர்கள் துண்டு விரிப்பது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அதற்கப்புறம் நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

கேட்காமலே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். "கண்ணாடி எடுத்தாரல" என்று ஒருவர் சொன்னால் கண்ணாடியே அவரிடம் கிடையாது என்று எனக்குத் தெரியும். நான் எனக்கே படித்துக்கொள்கிற மாதிரி, "பேரு... ஊரு... எத்தினி பேரு..." என்று முணுமுணுப்பேன். அவர் பேச்சுவாக்கில் பதில் சொல்லிக்கொண்டே வருவார். சீட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பவருக்கு எழுத்தைப் பெரிதாக எழுதிக் கொடுப்பேன். ஆந்திராக்காரர்கள் வந்தால் எனக்குத் தெரிந்த பத்துத் தெலுங்கு வார்த்தையை எடுத்து விடுவேன். வெள்ளைக்காரர்களுக்குப் பேரேட்டையே அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். ஒலிபெருக்கி அலறும்போது விரலால் பேசுவேன். சாயங்கால வெயில் வாசல் வழியாக வருகிறவர்கள் முகத்தில் அடித்தால் என் நாற்காலியை இடது பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வேன், அவர்களும் திரும்பி நின்றுகொள்வார்கள். ரூம் நம்பர் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு சாவியிலும் ஒரு கலர் துணி கட்டி, கதவிலும் அதே கலரில் ஒரு கோடு போட வைத்தேன். ஒரே ஜன்னல்தான், ஒரே பேரேடுதான், வருகிற ஆளுக்கு ஒரு நான். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

உன் மேல் எனக்கு முதல் முதலாக எப்போது சுருக்கென்று வந்தது தெரியுமா? நம் வீட்டுக்கு ரிமோட் வைத்த டிவி வந்த வருஷம். அப்பாவுக்குப் பக்கத்து எழுத்து தெரியாது. பஸ் ஓட்டுகிறவருக்குத் தூரத்தில் வருகிற லாரி தெரியும், கையில் இருக்கிற பட்டன் தெரியாது. சவுண்டைக் கூட்ட வேண்டும் என்றால், "ஏம்மா, இங்க வாயேன்" என்று அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிடுவார். நானும் சலித்துக்கொண்டே ஓடுவேன். நீ ஒருநாள் கண்ணாடியில் ஒட்டியிருந்த என் ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்துப் பெரிய பொட்டைச் சவுண்டு பட்டனிலும், சின்னப் பொட்டைச் சானல் பட்டனிலும் ஒட்டிவிட்டாய். அப்பா தடவிப் பார்த்தே டிவி போட ஆரம்பித்தார். "பொட்டெல்லாம் வேஸ்ட் பண்றியா" என்று உன்னைக் கத்தினேன். பொட்டுக்காக இல்லை. அன்றைக்கு முழுக்க அடுப்படியில் இருந்தேன், யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

நீ படிப்பின் கடைசி வருஷம் பொங்கல் லீவுக்கு வந்தபோது, "பத்து நாள் உன் பின்னாடி உக்காந்து பாக்கப் போறேன், ஒண்ணும் பேச மாட்டேன்" என்றாய். ஒரு நீல நோட்டோடு எனக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் புடவை மாற்றிக் கட்டிக்கொண்டு போனேன். இஞ்சினியருக்குப் படிக்கிற பிள்ளை அம்மா வேலையைப் பார்த்து எழுதுகிறான் என்று வாட்ச்மேன் ஊரெல்லாம் சொன்னார். நீ எழுதியதை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். "அம்மா கேட்பதில்லை. காத்திருக்கிறாள். பிறகு தன்னை மாற்றிக்கொள்கிறாள்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. இருபது வருஷமாக நான் செய்துகொண்டிருந்தது என்ன என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. லீவு முடிந்து கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில், "இதையெல்லாம் வெச்சு ஒண்ணு செய்யப் போறேம்மா. உன் பேரைப் போடட்டுமா?" என்று கேட்டாய். "எனக்கெதுக்குடா பேரு" என்றேன். நான் பிகு பண்ணினேன், தம்பி. நீ இரண்டாவது தடவை கேட்பாய் என்று நினைத்தேன். பஸ் வந்துவிட்டது, நீ ஏறிவிட்டாய்.

ஆடி மாசம் பெட்டி வந்து இறங்கியது. உங்கள் கல்லூரி கொடுத்தது. ஆள் உயர மரப்பெட்டி, நடுவில் திரை, அதைச் சுற்றிக் கறுப்புச் சட்டம். என் ஜன்னலுக்கு நேர் எதிரே வைத்தார்கள். திரையைத் தொட்டால் ரூம் ஒதுக்கி ஒரு சீட்டு வரும், சீட்டை வாட்ச்மேனிடம் காட்டினால் சாவி. திறப்பு விழாவுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ எழுந்து நின்று விளக்கினாய். தொடாமல் கொஞ்ச நேரம் நின்றால் எழுத்து தானாகப் பெரிதாகும் என்றாய். இன்னும் நின்றால் குரல் வந்து படிக்கும். மூலையில் இருக்கிற கட்டத்தை அழுத்தினால் தமிழ், தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் என்று மாறும். சுற்றிலும் இரைச்சல் ஜாஸ்தியாக இருந்தால் குரல் நின்று படம் வரும். சாயங்கால வெயில் அடிக்கிற நேரத்தில் நிறம் மாறிக்கொள்ளும். ரூமுக்கு நம்பரோடு கலரும் காட்டும். நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அது என்னுடையது, அது என்னுடையது என்று உள்ளே எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்காலியைத் தள்ளிப் போடுவது வரை எடுத்திருந்தாய். எல்லாரும் கை தட்டினார்கள். நீ புரொபசருக்கு நன்றி சொன்னாய், மேனேஜருக்குச் சொன்னாய், ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியனுக்குச் சொன்னாய். கடைசியில், "எங்கம்மாவும் இங்கதான் வேலை செய்றாங்க" என்றாய். எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மேனேஜர், "இனிமே இந்தம்மாவுக்கு வேலை கம்மி" என்றார், அதற்கும் கை தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் நீ ஆசையாக வாங்கி வந்த ஸ்வீட்டைச் சர்க்கரை என்று சொல்லித் தொடவில்லை. எனக்குச் சர்க்கரை கிடையாது. வயிறு எரிந்துகொண்டிருந்தது. பேர் போடாததற்கு நான்தான் காரணம் என்று தெரிந்தும் எரிந்தது. அதற்கப்புறம் நான் செய்த சில்லறை வேலைகளைச் சொன்னால் சிரிப்பாய். பெட்டி முன்னால் யாராவது ஒரு நிமிஷம் தயங்கினால் போதும், "இங்க வாங்க, இங்க வாங்க, அதெல்லாம் ஒங்களுக்குப் புரியாது" என்று சத்தம் போட்டுக் கூப்பிட்டுவிடுவேன். அது எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள நேரமே கொடுக்க மாட்டேன். காத்திருப்பதுதான் என் வித்தை என்று நீ எழுதிக்கொண்டு போனாய், உன் பெட்டியிடம் தோற்கக் கூடாது என்று நான் காத்திருப்பதையே விட்டுவிட்டேன். நீ சென்னையிலிருந்து ஃபோன் செய்து, "பொட்டி எப்படிம்மா போவுது?" என்று கேட்டால், "போவுது போவுது" என்பேன்.

போளூர் பக்கத்திலிருந்து பச்சையம்மாக்கா என்று ஒருத்தி மாசம் தவறாமல் வருவாள், உனக்கு ஞாபகம் இருக்கலாம். வயல் வேலை செய்கிறவள். கூட நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து, ரூமில் மூட்டையை வைத்துவிட்டு மலை சுற்றப் போவாள். எழுத்து தெரியாது. பத்து வருஷமாக என் ஜன்னலுக்குத்தான் வருவாள். நான் முணுமுணுக்க அவள் பதில் சொல்ல, எங்களுக்குள் அது ஒரு பாட்டு மாதிரி ஓடும். எனக்காகப் புதுசாய்ப் பறித்த மல்லாட்டை ஒரு பை கொண்டு வருவாள், தோலோடு பச்சை வேர்க்கடலை. ஆவணிப் பௌர்ணமி அன்று மத்தியானம் அவள் வாசலில் வந்து செருப்பை விட்டாள். நான் பேரேட்டைத் திருப்பி அவள் பேரை எழுதத் தயாராகிவிட்டேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நேராகப் பெட்டி முன்னால் போய் நின்றாள். கூட வந்தவர்களும் நின்றார்கள். நான் கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் அது பேச ஆரம்பித்துவிட்டது. அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டாள். பச்சைக் கலர் ரூமைத் தொட்டாள். சீட்டு வந்தது. அதை எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு ஓடி வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. "யம்மா, பாத்தியா! யாரையும் கேக்காம நானே ரூமு எடுத்துக்கினேன்!" என்றாள்.

நான் நன்றாகச் சிரித்துத் தலையாட்டினேன். ஆனால் அந்த "யாரையும் கேக்காம" என்ற பேச்சு அன்று முழுக்கக் காதை விட்டுப் போகவில்லை. பத்து வருஷம் அவள் கூச்சப்படாமல் இருக்கத்தான் நான் அத்தனை நாடகம் ஆடினேன். அவள் கூச்சப்பட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். நான் முணுமுணுப்பது எதற்கு என்று அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. மல்லாட்டை கொண்டு வந்தது பிரியத்துக்காக மட்டும் இல்லையோ என்று அன்றைக்குத் தோன்றியது. நான் எவ்வளவு குனிந்து நடந்துகொண்டாலும் என்னால் கொடுக்க முடியாத ஒன்றை நீ கொடுத்துவிட்டாய். என் வித்தையை நீ எடுத்துக்கொண்டாய் என்று இருந்த கோபம் சின்னக் கோபம். என் வித்தையை வைத்து என்னைத் தாண்டிவிட்டாய் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பெட்டி வைத்த அன்றே நீ என்னிடம் தனியாக ஒன்று சொன்னாய். "இந்தக் கறுப்புச் சட்டத்துல சின்னச் சின்ன ஓட்டை இருக்குது பாரும்மா. இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடுது. விரலு அதை மறைச்சாதான் எங்க தொட்டாங்கனு அதுக்குத் தெரியும். அதனால ஓரத்துல மட்டும் எதையும் வெக்காத, ஒட்டாத. வேற யாரும் வெக்காமப் பாத்துக்க." விடுதியில் வேறு யாருக்கும் இது தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். ஆயுத பூஜை வந்தது. விடுதியில் பூஜை வேலை எப்போதும் என் பொறுப்புதான். மணி, டெலிஃபோன், சாவிப் பலகை, பேரேடு, தண்ணி மோட்டார், வாட்ச்மேன் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். பெட்டி முன்னால் வந்தபோது மேனேஜர், "இதுக்கும் நல்லா வெய்ம்மா, நம்ம புள்ள செஞ்சது" என்றார். மரத்தில் வைத்திருக்கலாம். மேலே, பக்கத்தில், எங்கே வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். நான் கிண்ணத்திலிருந்து கட்டியாக எடுத்து, சட்டத்தின் கீழ்மூலையில், மொழி மாற்றுகிற கட்டத்துக்குப் பக்கத்திலேயே, உட்புறமாக அப்பினேன். கீழ் ஓரத்திலும் வலது ஓரத்திலும் அப்பினேன். அதன் மேல் குங்குமம் வைத்தேன். கை தவறிப் போனதா என்றால் இல்லை. என்ன நடக்கும் என்று தெரியாது, ஏதோ நடக்கும் என்று தெரியும். அப்புறம் கற்பூரம் காட்டிக் கும்பிட்டேன்.

பூஜைக்கு வைத்ததை மறுநாள் வரை யாரும் தொட மாட்டார்கள். அதற்கடுத்து வந்த நாலைந்து நாளும் ஆள் இல்லாத நாள், பூஜைக்கு அணைத்த பெட்டியை யாரும் போடவில்லை. சந்தனம் காய்ந்து கல்லாக இறுகிவிட்டது. பௌர்ணமி வந்தது. பெட்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க அறக்கட்டளைப் பெரியவர்களும் உன் புரொபசரும் அன்றைக்குத்தான் வருவதாக ஏற்பாடு. நீயும் புரொபசரும் இரண்டு மணி பஸ்ஸில் வருவதாக இருந்தது. அதற்கு முன்பே கூட்டம் நிரம்பிவிட்டது. யாரும் தொடாமலே திரை தெலுங்குக்குப் போனது, இந்திக்குப் போனது, இங்கிலீஷுக்குப் போனது, தமிழுக்கு வந்தது, மறுபடி ஓடியது. ஓயாமல் யாரோ அந்த மூலையை அழுத்திக்கொண்டிருப்பதாக அது நினைத்துக்கொண்டது. குரல் ஒவ்வொரு பாஷையிலும் அரை வார்த்தை பேசிவிட்டு விழுங்கியது. ஜனங்கள் முதலில் பயந்தார்கள், அப்புறம் சிரித்தார்கள். ஒருவன், "சாமி வந்துடுச்சுடா பொட்டிக்கு!" என்று கத்த, கூடமே கொல்லென்று சிரித்தது. பெரியவர்கள் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, "எல்லாரும் ஜன்னலுக்கு வாங்க" என்றார். எல்லாரும் என் ஜன்னலுக்கு வந்தார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதவே கை கூசுகிறது.

நீ வந்து இறங்குவதற்கு முன்னால் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய் அந்த மூலையையும் ஓரங்களையும் துடைத்துவிட்டேன். நகத்தால் சுரண்டி எடுத்தேன். கெடுத்தது ஒரு பாவம் என்றால், துடைத்தது அதைவிடப் பெரிய பாவம். சந்தனத்தை நீ பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பாய், சிரித்துவிட்டுத் துடைத்திருப்பாய். நீ வந்து ஒயரை மாட்டினாய், அது ஒழுங்காக ஓடியது. உள்ளே பதிவாகியிருந்த கணக்கை எடுத்துப் பார்த்தாய். மொழி மாற்றும் கட்டம் நூற்றுக்கணக்கான தடவை அழுத்தப்பட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு நீயாக ஒரு முடிவுக்கு வந்தாய். "ஜனங்க குழம்பிப்போய் அழுத்திக்கினே இருந்திருக்காங்கம்மா. எழுத்தும் மாறுது, நெறமும் மாறுது, குரலும் வருதுன்னா யாருக்குத்தான் புரியும்? எல்லாத்துக்கும் தகுந்த மாதிரி மாத்தறேன்னு நான்தான் ஓவரா போயிட்டேன்" என்றாய். படிக்கட்டுக்குக் கீழே பெட்டியைத் தள்ளி வைக்கும்போது நீயும் ஒரு கை பிடித்தாய். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் காபி போட்டுக் கொடுத்து, "போவுது விடு, ஒன்னு போனா இன்னொன்னு" என்று தலையைத் தடவினேன். அந்தக் கையில் இன்னும் மஞ்சளாகச் சந்தனம் இருந்தது. அதற்கப்புறம் நீ பில் போடுகிற சாஃப்ட்வேர் வேலைக்குப் போனாய். எல்லாருக்கும் ஒரே திரை, ஒரே எழுத்து, யாருக்காகவும் எதுவும் மாறாது. நாலு வருஷமாக அதையேதான் செய்கிறாய், அதில் நீ சந்தோஷமாக இல்லை என்று எனக்குத் தெரியும்.

பெட்டி கெட்ட பௌர்ணமிக்கு வயல் வேலையால் வராத பச்சையம்மாக்கா அதற்கடுத்த பௌர்ணமிக்கு வந்தாள். வந்தவள் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள். தரையில் சதுரமாக ஒரு தடம்தான் இருந்தது. "எங்கம்மா அது?" என்றாள். ரிப்பேர் என்றேன். கூட வந்தவர்களில் ஒருத்தி புதுசு. அவளிடம் தான் ரூம் எடுப்பதைக் காட்டுவதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள் போல. அவளையும் கூட்டிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள். நான் பழையபடி, "பேரு... ஊரு..." என்று முணுமுணுக்க ஆரம்பித்தேன். அவள், "ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீயே எழுதிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அந்த மாசம் மல்லாட்டை கொண்டு வந்தாள்தான், அதை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தது அன்றோடு முடிந்தது. உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் வருஷம் பயம். அப்புறம் நீ அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாய், அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று.

இனி நான் புத்திமதி சொன்னால் உனக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனாலும் சொல்கிறேன், இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தது உன் புரொபசருக்குத் தெரியாது. நீ எங்கே ஒரு திரையைக் கொண்டு போய் வைத்தாலும் அந்த இடத்தில் உனக்கு முன்னாலேயே ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளை முதலில் தேடிப் பிடி. பார்த்து எழுதிக்கொண்டு மட்டும் போகாதே. உன் பேரைப் போடட்டுமா என்று கேள், வேண்டாம் என்றால் மறுபடியும் கேள், அப்புறம் கேட்காமலே போடு. பெட்டிக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி இருக்கட்டும். சில பேருக்கு யாரையும் கேட்காமல் இருக்கப் பிடிக்கும், சில பேர் கேட்பதற்காகவே வருவார்கள். இரண்டு பேரும் உன் ஆட்கள்தான். இன்னொன்று, அப்பா மாதிரி தடவிப் பார்க்கிறவர்களை மறந்துவிடாதே. அந்தச் சின்ன ஃபோனில் எல்லாம் வழவழவென்று இருக்கிறது, விரலுக்கு ஒன்றும் தட்டுப்படுவதில்லை என்று அவர் புலம்புகிறார். வெயில், மழை, இரைச்சல் என்று யோசிக்கிறாயே, அதோடு ஆயுத பூஜையையும் சேர்த்து யோசி. நம் ஜனங்கள் எந்த மெஷினைக் கொடுத்தாலும் சந்தனம் வைக்காமல் விட மாட்டார்கள். பொட்டு வைக்க அதன் நெற்றியில் ஓர் இடம் விட்டுச் செய். நான் வேண்டுமென்றே செய்ததை வேறொருத்தி பக்தியாகவே செய்வாள்.

இதை எழுதி முடித்ததும் பாரம் இறங்கிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூர் என்றதும் எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. சுருக்கென்று பழையது வந்தது. "மாட்டேன்னு சொல்லிடப் போறேன்" என்று நீ சொன்னபோது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கு நிம்மதியாக இருந்தது. ஃபோனை வைத்துவிட்டு அந்த நொடியை நினைத்து எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது, அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நாளைக்குக் காலையில் கூரியரில் போடுகிறேன், புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும். உன் பெட்டி நன்றாகத்தான் ஓடியது. எழுத்து தெரியாத ஒருத்தியை ஒரு மத்தியானம் தலை நிமிர வைத்தது. அதைப் பார்த்தது நான் ஒருத்திதான், பார்த்ததால்தான் கெடுத்தேன். அவர்களிடம் வருகிறேன் என்று சொல்.

சொல்லிவிட்டு எனக்கு ஃபோன் செய். என்னைத் திட்ட வேண்டும் என்றால் அடக்கிக்கொள்ளாமல் திட்டு. இத்தனை நாளும் உன் குரல் கொஞ்சம் மாறினால், "இந்தா, அப்பா பேசணுமாம்" என்று ஃபோனை அவரிடம் கொடுத்துவிட்டு நழுவிவிடுவேன். இந்தத் தடவை கொடுக்க மாட்டேன்.